பிரதாப் ஆசிரியர் கணேஷ் சங்கர் வித்யார்த்தி: ஒரு நிகழ்வு ஆய்வு

கணேஷ் சங்கர் வித்யார்த்தி யார் என்று வடக்கே கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: 1931 கான்பூர் கலவரத்தில் மக்களைக் காப்பாற்றப் போய் உயிரை விட்டவர். தப்பில்லை, நடந்தது அதுதான். ஆனால் அந்தக் கடைசி இரண்டு நாளை மட்டும் தனியே வெட்டி எடுத்துப் பேசும்போது, யாரோ ஒரு நல்ல மனுஷர் திடீரென்று ஆவேசப்பட்டுத் தெருவில் இறங்கிய கதை போல ஆகிவிடுகிறது. அதற்கு முன்னால் பதினேழு வருஷத்துக்கும் மேல் அவர் ஒரு இந்திப் பத்திரிகை நடத்தினார். தினமும் யாராவது ஒருவர் அடிவாங்கிய கதையோடு வந்து கதவைத் தட்டுகிற பத்திரிகை அது. அந்தப் பத்திரிகையை விட்டுவிட்டு அந்தச் சாவைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் கட்சி. அதனால் இந்த ஆய்வில் பத்திரிகைக்குத்தான் இடம் அதிகம்.

பிறந்தது 1890 அக்டோபர் 26, அலகாபாத்தில், அம்மாவின் பிறந்த வீட்டில். குடும்பத்துக்குச் சொந்த ஊர் ஃபத்தேபூர் மாவட்டம் ஹத்காவ். அப்பா ஜெய்நாராயண் குவாலியர் சமஸ்தானத்தில் முங்காவலி என்ற சின்ன ஊரில் பள்ளிக்கூட வாத்தியார், பையன் வளர்ந்ததும் படித்ததும் அங்கேதான். 1907இல் என்ட்ரன்ஸ் பரீட்சை தேறி அலகாபாத் காயஸ்த பாடசாலையில் சேர்ந்தார், கையில் காசில்லை, படிப்பு நின்றது. அப்புறம் கான்பூர் கரன்சி ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை. மேலதிகாரியோடு ஒத்துப்போகவில்லை, விட்டுவிட்டார். கொஞ்ச நாள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினார், அதுவும் நிலைக்கவில்லை. வித்யார்த்தி என்பது சாதிப் பெயரோ குடும்பப் பெயரோ இல்லை, எழுதுவதற்கு அவரே வைத்துக்கொண்டது.

1911இல் மகாவீர் பிரசாத் துவிவேதியிடம் ‘சரஸ்வதி’ மாத இதழில் துணையாசிரியராகச் சேர்ந்தார். இந்தி உரைநடையை உட்கார்ந்து செதுக்கியவர் துவிவேதி. யார் எழுதி அனுப்பினாலும் வரிக்கு வரி திருத்தித்தான் அச்சுக்கு விடுவார், பெரிய ஆள் சின்ன ஆள் என்றெல்லாம் பார்க்கமாட்டார். அவரிடம் உதவியாளாக இருப்பது என்றால் எவ்வளவு அடிபட்டிருப்பார் என்று நாமே யூகித்துக்கொள்ளலாம். ஆனால் சரஸ்வதி இலக்கிய இதழ். இவருக்கோ அரசியல் மேல் நாட்டம். அதனால் அடுத்த வருஷமே காங்கிரஸ் தலைவர் மதன் மோகன் மாளவியாவின் ‘அப்யுதய’ பத்திரிகைக்குப் போனார். மொழியை ஓரிடத்தில் கற்றார், அரசியல் எழுத்தை இன்னோரிடத்தில் கற்றார், இரண்டும் சேர்த்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. 1913 நவம்பர் 9ஆம் தேதி கான்பூரில் ‘பிரதாப்’ வார இதழின் முதல் இதழ் வந்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 23.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தி என்றதும் நமக்கு டில்லி அதிகாரமும் திணிப்பும்தான் ஞாபகத்துக்கு வரும், அதற்குக் காரணமும் உண்டு. அன்றைய ஐக்கிய மாகாணத்தில், அதாவது இன்றைய உத்தரப் பிரதேசப் பக்கத்தில், நிலைமை வேறு. ஆட்சி நடந்தது ஆங்கிலத்தில், கீழ்க் கோர்ட்டுகளில் காலங்காலமாக உருது. இந்தி எழுதுகிற நாகரி எழுத்தில் மனு கொடுக்கலாம் என்ற உத்தரவே 1900இல்தான் வந்தது. இந்தியில் பத்திரிகை போட்டவர்கள் அதிகாரத்துக்கு வெளியே நின்றுதான் போட்டார்கள். பெரிய இடத்துப் படிப்பாளிகள் ஆங்கிலப் பத்திரிகைதான் படித்தார்கள்.

ஏன் கான்பூர்?

இதை யாரும் சரியாகக் கேட்பதில்லை. அலகாபாத்தில் வக்கீல்கள், ஹைகோர்ட்டு, மாளவியா, நேரு குடும்பம் எல்லாம் இருக்கிறது. லக்னோவில் நவாப் காலத்துப் பேர் இருக்கிறது. கான்பூரில் என்ன இருக்கிறது என்றால் புகை இருக்கிறது. எல்ஜின் மில், மியூர் மில், லால் இம்லி கம்பளி ஆலை, ராணுவத்துக்குச் சேணமும் பூட்ஸும் தைத்துக்கொடுக்கிற தோல் தொழிற்சாலைகள். சுற்றுப்பட்ட மாவட்டங்களிலிருந்து நிலம் போனவர்களும் கடன்பட்டவர்களும் வந்து சேர்கிற ஊர். கிராமத்தில் என்ன நடக்கிறது என்பது கான்பூரில் மில் வாசலில் நின்றால் தெரிந்துவிடும்.

அதோடு இன்னொன்று. பிரதாப் ஆரம்பிப்பதற்கு மூன்று மாதம் முன்னால், 1913 ஆகஸ்ட் 3ஆம் தேதி, அதே கான்பூரில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. சாலையை அகலப்படுத்துகிறோம் என்று மச்லி பஜார் மசூதியின் ஒரு பகுதியை முனிசிபாலிட்டி இடித்துவிட்டது. முஸ்லிம்கள் திரண்டார்கள், போலீஸ் சுட்டது, பலர் செத்தார்கள். விவகாரம் கடைசியில் வைஸ்ராய் வரை போய்த்தான் முடிந்தது. அந்த ரத்தம் காயும் முன்னே வந்த பத்திரிகை இது. கான்பூர் எந்த மாதிரி ஊர் என்பது அதன் ஆசிரியருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

பத்திரிகை எப்படி ஓடியது

பணம் போட்டவர்கள் யாரும் செல்வந்தர்கள் இல்லை. சிவநாராயண் மிஸ்ரா, நாராயண் பிரசாத் அரோரா போன்ற நண்பர்கள் கூடிச் சேர்த்த காசு. முகப்பில் போடுவதற்குத் துவிவேதியே இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். முதல் இதழில் பத்திரிகையின் கொள்கை என்று ஒரு தலையங்கம் வந்தது. யாரையும் புகழ்வதற்கும் திட்டுவதற்கும் நாங்கள் வரவில்லை, உண்மையைச் சொல்லப்போகிறோம் என்கிற தோரணை. எல்லாப் பத்திரிகையும் முதல் இதழில் இப்படித்தான் எழுதும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். செய்தி எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும்.

பிரதாப் நம்பியது கடிதங்களை. கிராமத்து வாத்தியார், மளிகைக் கடைக்காரர், சமஸ்தானத்தில் வரி கட்ட முடியாமல் ஓடிவந்தவர் என்று யார் யாரோ எழுதினார்கள். சம்பாரண் விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பீகாரில் நீலச் சாயம் எடுக்கிற அவுரிச் செடியின் தோட்டக்காரர்கள், ஒரு பீகா நிலத்தில் 20 கட்டா என்றால் அதில் 3 கட்டாவில் கட்டாயம் அவுரிதான் போட வேண்டும் என்று விவசாயிகளைக் கட்டிப்போட்டிருந்தார்கள். தீன்கட்டியா என்று அதற்குப் பேர். அதைப் பற்றி பேட்டியா ஊர் பள்ளிக்கூட வாத்தியார் பீர் முகமது மூனிஸ் பிரதாப்புக்குத் தொடர்ந்து எழுதினார், பல சமயம் ‘துக்கி ஆத்மா’ போன்ற புனைபெயர்களில். புனைபெயர் வைத்தும் தப்பவில்லை, வேலை போயிற்று. காந்தியைச் சம்பாரணுக்கு இழுத்து வந்த விவசாயி ராஜ்குமார் சுக்லா எல்லோருக்கும் தெரிந்தவர். 1916 டிசம்பர் லக்னோ காங்கிரசில் காந்தியைப் பார்த்து, அவர் கான்பூர் போனதும் அங்கேயும் விடாமல் பின்னாலேயே போனவர். 1917 பிப்ரவரியில் சுக்லா பெயரில் காந்திக்குப் போன கடிதத்தை எழுதிக் கொடுத்தவர் மூனிஸ் என்பது அவ்வளவு பேருக்குத் தெரியாது. காந்தி சம்பாரணில் கால் வைப்பதற்கு முன்னாலேயே சம்பாரண் இந்தி வாசகனுக்குப் பழகிய பெயராகிவிட்டது. அந்தப் பெருமையில் ஒரு பங்கு இந்த வாத்தியாருக்கும் அவரை அச்சில் ஏற்றிய ஆசிரியருக்கும் சேர வேண்டும்.

ராஜஸ்தானத்தில் பிஜோலியா விவசாயிகள் விஷயமும் இப்படித்தான். மேவார் சமஸ்தானத்தில் ஒரு ஜாகிர், அதாவது ஒரு பிரபுவின் கையில் இருந்த நிலப்பகுதி, அங்கே குடியானவன் மேல் விதவிதமான வரிகள், 84 என்று கணக்கு சொல்வார்கள், மகளுக்குக் கல்யாணம் செய்தால்கூட வரி. போராட்டத்தை நடத்திய விஜய் சிங் பதிக், விவசாயிகள் சார்பில் வித்யார்த்திக்கு ஒரு வெள்ளி ராக்கி அனுப்பினார். ராக்கியை வாங்கிக்கொண்டால் அனுப்பியவரைக் காக்கும் பொறுப்பையும் சேர்த்து வாங்கிக்கொண்டதாக அர்த்தம். அவர் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு பிஜோலியா செய்தி பிரதாப்பில் வந்துகொண்டே இருந்தது. சமஸ்தானங்களின் ஊழலைப் பிரிட்டிஷ் இந்தியாவில் உட்கார்ந்துகொண்டு எழுதுவது ஒரு வசதி, அந்த ராஜாவால் நேரடியாகப் பிடிக்க முடியாது. ஆனால் பத்திரிகையைத் தன் எல்லைக்குள் வராமல் தடுக்க முடியும். பல சமஸ்தானங்கள் பிரதாப்பைத் தடுத்தன. தடுத்த இடத்தில் சந்தா போகும், அதாவது காசு போகும். 

பிரிட்டிஷ் இந்தியாவிலும் நிம்மதி இல்லை. 1910 பிரஸ் சட்டப்படி அரசாங்கம் எப்போது வேண்டுமானாலும் ஜாமீன் தொகை கேட்கலாம், பிடிக்காத வரி ஒன்று வந்தால் அந்தத் தொகையைப் பறிமுதல் செய்யலாம். ஒரு கவிதைக்காகக்கூட பிரதாப்பின் ஜாமீன் பறிபோயிருக்கிறது. பறிபோன பிறகு அடுத்த இதழ் வர வேண்டுமென்றால் மறுபடி கட்ட வேண்டும். எங்கிருந்து கட்டுவார்கள்? வாசகர்களிடமிருந்துதான் வந்தது, சின்னச் சின்னத் தொகைகளாக. பின்னால் பத்திரிகையைத் தன் சொத்தாக வைத்துக்கொள்ளாமல் ஒரு டிரஸ்ட் ஆக்கினார், கவிஞர் மைதிலி சரண் குப்தாவும் அதில் ஒருவர். நடத்துகிறவர் எப்போது வேண்டுமானாலும் ஜெயிலுக்குப் போகலாம் என்ற நிலையில் அது புத்திசாலித்தனமான ஏற்பாடு.

முன்ஷிகஞ்ச் வழக்கு

இந்த மனுஷருடைய பத்திரிகைத் தொழிலை ஒரே வழக்கில் பார்க்க வேண்டும் என்றால் நான் இதைத்தான் காட்டுவேன்.

1920 கடைசியில் லக்னோவைச் சுற்றிய அவத் பகுதி முழுக்க விவசாயிகள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். நிலம் தாலுக்தார்கள் என்ற பெரிய நிலக்கிழார்களுடையது. குத்தகைக்கு மேல் நஜ்ரானா என்ற காணிக்கைப் பணம், கூலியில்லா வேலை, கேட்டால் நிலத்தை விட்டு விரட்டுவது. 1921 ஜனவரி முதல் வாரத்தில் ராய்பரேலி மாவட்டத்தில் விவசாயிகளின் தலைவர்கள் சிலர் கைதானார்கள். ஜெயிலில் அவர்களைக் கொன்றுவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. ஜனவரி 7ஆம் தேதி ஊர் ஊராகக் கிளம்பி ராய்பரேலியை ஒட்டிய முன்ஷிகஞ்சில், சாய் நதிக்கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. செய்தி கேட்டு ஜவஹர்லால் நேரு ரயிலில் வந்து இறங்கினார், ஆற்றைத் தாண்டவிடாமல் அதிகாரிகள் இந்தக் கரையிலேயே நிறுத்திவிட்டார்கள். அக்கரையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் அரசாங்கக் கணக்கு ஒன்று, விவசாயிகள் சொன்னது வேறு.

ஆங்கிலப் பத்திரிகைகளில் இதைக் கலவரக் கும்பலை அடக்கிய செய்தி மாதிரிப் படித்தவர்களுக்கு, அடுத்த வாரமே பிரதாப் வேறொன்றைக் காட்டியது. ஜாலியன்வாலா பாக் நடந்து அப்போது இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அங்கே சுடச்சொன்ன ஜெனரல் டயரைச் சொல்லி, இது இன்னொரு டயர் வேலை என்று பிரதாப் எழுதியது. அதோடு விடவில்லை. அந்த இடத்தில் இருந்த தாலுக்தார் வீர்பால் சிங்கின் பெயரையே போட்டு, சுட்டதில் அவருக்குப் பங்கு உண்டு என்றது. அவர் சட்டசபை உறுப்பினர், சாதாரண ஆள் இல்லை. மன்னிப்புக் கேள் என்று நோட்டீஸ் வந்தது, பிரதாப் கேட்கவில்லை. ஆசிரியர் வித்யார்த்தி மேலும் பதிப்பாளர் சிவநாராயண் மிஸ்ரா மேலும் அவதூறு வழக்கு.

இந்த இடத்தில் பெரும்பாலான பத்திரிகைகள் என்ன செய்யும்? வக்கீலைக் கேட்டு நாலு வரி வருத்தம் போட்டு முடித்துக்கொள்ளும். பிரதாப் கோர்ட்டையே ஒரு விசாரணைக் கமிஷனாக மாற்றியது. மோதிலால் நேரு, ஜவஹர்லால், மாளவியா எல்லோரும் பிரதாப் தரப்புச் சாட்சிகளாகக் கூண்டேறினார்கள். பெரிய பெயர்கள் வந்தது எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை, அவர்கள் எங்கேயும் பேசுவார்கள். சுடப்பட்ட இடத்தில் நின்ற விவசாயிகளும் வந்து சொன்னார்கள் பாருங்கள், அதுதான் விஷயம். மறுநாள் ஊருக்குத் திரும்பி அதே தாலுக்தார் நிலத்தில் ஏர் பிடிக்க வேண்டியவர்கள் அவர்கள். பிரதாப்பின் வக்கீல் பின்னாளில் வரலாற்று நாவல்களுக்குப் பேர்போன விருந்தாவன்லால் வர்மா. அரசாங்கம் விசாரிக்க மறுத்த ஒரு துப்பாக்கிச் சூடு பற்றிச் சத்தியப் பிரமாணம் செய்த சாட்சியம் இப்படித்தான் பதிவானது, வழக்கில் தோற்றாலும்.

தோற்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சிறையும் அபராதமும் விதிக்கப்பட்டன. 1920 நவம்பரில் ஆசையாக ஆரம்பித்த பிரதாப் நாளிதழ் இந்த நெருக்கடியில் தாக்குப்பிடிக்காமல் சில மாதங்களிலேயே நின்றது. அக்டோபரில் உள்ளே போனவர் 1922 மே மாதம்தான் வெளியே வந்தார். வந்த அடுத்த வருஷமே ஃபத்தேபூரில் பேசிய பேச்சுக்காக மறுபடி ஒரு வருஷம். ஜெயிலில் விக்டர் ஹ்யூகோ படித்தார், மொழிபெயர்த்தார்.

என் கணக்கில் இந்த வழக்கில் ஒரு பலவீனமும் உண்டு. துப்பாக்கிச் சூட்டுச் செய்தியைக் கொடுத்த சூடும் வேகமும், யார் முதலில் சுட்டார் என்பதைக் கோர்ட்டில் நிரூபிக்கிற அளவுக்கு ஆதாரத்தைத் திரட்டிக்கொண்ட பிறகு வந்ததாகத் தெரியவில்லை. முதலில் எழுதினார்கள், பிறகு நிரூபிக்க ஓடினார்கள். ஆறு நாளில் ஒரு பத்திரிகை அதற்கு மேல் என்ன செய்ய முடியும் என்றும் கேட்கலாம், அதுவும் நியாயமான கேள்விதான்.

பிரதாப் ஆபீஸ்

கான்பூர் பீல்கானா பகுதியில் இருந்த அந்த ஆபீசுக்கு யார் யார் வந்து போனார்கள் என்று பட்டியல் போட்டால் அது தனிக் கட்டுரை ஆகிவிடும். கவிஞர் பாலகிருஷ்ண சர்மா நவீன் அங்கேதான் வளர்ந்தார். மில் தொழிலாளர்கள் வருவார்கள், 1919 வேலைநிறுத்தத்தை ஒட்டிப் பிறந்த கான்பூர் மஜ்தூர் சபா என்ற தொழிற்சங்கத்தில் வித்யார்த்திக்கு நெருக்கமான பங்கு உண்டு. லாகூரிலிருந்து வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்ததும் ஓடிவந்த ஒரு பதினாறு பதினேழு வயதுப் பையனும் வந்தான், பெயர் பகத் சிங். இங்கே பல்வந்த் என்ற பெயரில் எழுதினான். போலீஸ் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று அலிகர் பக்கம் ஷாதிபூர் கிராமத்துத் தேசியப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியராக அனுப்பிவைத்ததும் வித்யார்த்திதான். 1926 மார்ச்சில், தூக்கிலிடப்பட்ட பப்பர் அகாலிகள் என்ற பஞ்சாப் சீக்கியப் புரட்சியாளர்கள் பற்றி ‘ஒரு பஞ்சாபி இளைஞன்’ என்று கையெழுத்திட்டு பிரதாப்பில் வந்த கட்டுரை பகத் சிங்குடையது.

காந்தியின் கட்சியில் இருந்துகொண்டு, துப்பாக்கி எடுத்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர். ரயிலில் அரசாங்கப் பணத்தைக் கொள்ளையடித்த ககோரி வழக்குக் கைதிகளுக்காகப் பணம் திரட்டியவர். இதை முரண்பாடு என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர் பெரிதாக விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை, வந்த பையன்களுக்குச் சோறும் வேலையும் கொடுத்தார், பத்திரிகையில் அகிம்சையை எழுதினார்.

எனக்கு உறுத்துவது வேறு. 1926இல் மாகாண சட்டசபைக்குத் தேர்வானார், 1929இல் மாகாண காங்கிரஸ் தலைவர், 1930இல் கோரக்பூர் இந்தி சாகித்ய சம்மேளனத்துக்குத் தலைவர், அதே வருஷம் உப்பு சத்தியாக்கிரகத்தில் சிறை. பத்திரிகை ஆசிரியர் கட்சித் தலைவராகவும் இருந்தால் கட்சி தப்பு செய்யும்போது யார் எழுதுவது? அந்தக் காலத்தில் எல்லாத் தேசியப் பத்திரிகைகளும் அப்படித்தான் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் இந்து முஸ்லிம் விவகாரத்தில் மட்டும் அவர் தன் ஆட்களையே விட்டுவைக்கவில்லை. இருபதுகளில் ஊருக்கு ஊர் ஊர்வலத் தகராறு, மசூதி முன்னால் மேளம் என்று வெடித்தபோது, மதத்தின் பெயரால் ஏழைகளை மோதவிட்டுப் பின்னால் உட்கார்ந்திருக்கிற பெரிய மனிதர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள் என்று எழுதினார்.

மார்ச் 1931

சத்தியாக்கிரகக் கைதிகளை விடுவித்த காந்தி இர்வின் ஒப்பந்தப்படி மார்ச் 9ஆம் தேதி ஹர்தோய் ஜெயிலிலிருந்து வெளியே வந்தார். 23ஆம் தேதி சாயங்காலம் லாகூரில் பகத் சிங், ராஜகுரு, சுகதேவ் மூவரையும் தூக்கிலிட்டார்கள். தன் ஆபீசில் உட்கார்ந்து எழுதிய பையன் செத்த செய்தி வந்தபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கக்கூட அவகாசம் இல்லை, 24ஆம் தேதி கான்பூரில் ஹர்த்தால். கடையை மூடச்சொன்னதில் சில முஸ்லிம் கடைக்காரர்களோடு தகராறு. அது கல்வீச்சாகி, தீவைப்பாகி, கொலையாகி, ஊர் முழுக்கப் பரவ ஒரு பகல் போதுமானதாக இருந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். அந்த முதல் நாட்களில் போலீஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. இது காங்கிரஸ்காரர்கள் மட்டும் சொன்ன குற்றச்சாட்டு இல்லை, அரசாங்கமே போட்ட விசாரணைக் கமிஷன் போலீசின் அலட்சியத்தைக் குறித்து எழுதியிருக்கிறது.

கராச்சியில் காங்கிரஸ் மாநாடு, அவர் கிளம்பிப் போயிருக்க வேண்டியவர். போகவில்லை. 24ஆம் தேதி பகல் முழுக்க சந்து சந்தாகப் போய் மாட்டிக்கொண்டவர்களை வெளியே கொண்டுவந்தார். 25ஆம் தேதி காலை பெங்காலி மொஹாலில் இந்துக்கள் நடுவில் சிக்கிய முஸ்லிம் குடும்பங்களைப் பத்திரமான இடத்துக்கு அனுப்பிவைத்தார். அப்புறம் சௌபே கோலா பக்கம் முஸ்லிம் பகுதியில் இந்துக்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்து அங்கே போனார். கூட இருந்த தொண்டர்கள் சிலர்தான், அவர்களில் முஸ்லிம்களும் உண்டு. அங்கிருந்தவர்களில் சிலருக்கு அவரை அடையாளம் தெரிந்தது, நேற்று நம் ஆட்களைக் காப்பாற்றியவர் என்று தடுத்தும் பார்த்தார்கள். கும்பல் கேட்கவில்லை. இழுத்துக் காப்பாற்றப் பார்த்த ஒருவரிடம் நான் ஓடமாட்டேன் என்றாராம். கத்தியும் தடியும் பட்டு அங்கேயே விழுந்தார். வயது நாற்பது.

இரண்டு நாள் அவர் என்ன ஆனார் என்று வீட்டுக்குத் தெரியாது. 27ஆம் தேதி ஆஸ்பத்திரியில் குவித்துப் போட்டிருந்த பிணங்களுக்கு நடுவே கண்டுபிடித்தார்கள். முகம் ஊதி ஆள் அடையாளமே தெரியவில்லை. கதர் உடையையும் சட்டைப் பையில் இருந்த கடிதங்களையும் வைத்துத்தான் அவர் என்று உறுதி செய்தார்கள். கடைசி வரை பையில் யாரோ எழுதிய கடிதங்களோடுதான் திரிந்திருக்கிறார். 29ஆம் தேதி தகனம்.

கராச்சி மாநாட்டுக்குச் செய்தி போனது. காந்தி இது பொறாமைப்பட வேண்டிய சாவு என்று எழுதினார். இறந்தவரின் ரத்தம் இரண்டு சமூகத்தையும் ஒட்டவைக்கும் என்றும் எழுதினார், அது நடக்கவில்லை என்பது நமக்குத் தெரியும். மாநாடு செய்த உருப்படியான காரியம், கான்பூர் கலவரத்தை விசாரிக்க பகவான் தாஸ் தலைமையில் ஆறு பேர் கொண்ட குழு போட்டது. அவர்கள் கலவரத்தை மட்டும் எழுதவில்லை, இந்து முஸ்லிம் உறவின் நூற்றாண்டுக் கணக்கான வரலாற்றை எடுத்துக்கொண்டு, இந்தப் பகை காலங்காலமாக இருந்து வந்தது அல்ல, ஆட்சியாளர்கள் வளர்த்தது என்று பெரிய புத்தகமாகவே எழுதிவிட்டார்கள்.

இன்று கான்பூர் மருத்துவக் கல்லூரிக்கு அவர் பெயர், ஃபூல் பாக் பூங்காவுக்கு அவர் பெயர், 1962இல் தபால்தலை. இந்திப் பத்திரிகையாளர்களுக்கு மத்திய இந்தி நிறுவனம் வழங்கும் விருதும் அவர் பெயரில்தான். அதை வாங்கியவர்களில் ஒருவர் ரவீஷ் குமார், அவருக்குச் சொந்த ஊர் மூனிஸ் கடிதம் எழுதிய அதே சம்பாரண். பகவான் தாஸ் குழுவின் அறிக்கை 1933இல் அச்சாகி வந்ததும் பிரிட்டிஷ் அரசாங்கம் தடை செய்துவிட்டது. பல பத்து வருஷம் கழித்துத்தான் மறுபதிப்பு வந்தது. கான்பூரைப் பற்றி மேலே படிக்க நினைக்கிறவர்கள் அந்த அறிக்கையிலிருந்தும் அரசாங்கக் கமிஷன் அறிக்கையிலிருந்தும் சேர்த்தே ஆரம்பிக்கலாம், ஒன்றை மட்டும் படித்தால் பாதிதான் கிடைக்கும்.